கருணைக்குப் பக்கத்திலேயே ஒரு பகை: அறிவியலும் ஆன்மிகமும் கூடிப் பொது அறம் காண்பது எப்படி?

2007-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஓர் ஆய்வுக்கூடம். எஃப்எம்ஆர்ஐ எனப்படும் மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் மத்தியூ ரிக்கார் படுத்திருந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு ஆய்வகத்தை விட்டு இமயமலைப் பக்கம் போய்த் திபெத்திய பௌத்தத் துறவியாகிவிட்டவர். வெளியே நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வழக்கமாகச் செய்யும் கருணைத் தியானத்துக்குப் போகக் கூடாது. பிறர் வேதனையை மட்டும் அப்படியே தனக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முந்தைய இரவு ஓர் ஆவணப்படத்தில் பார்த்த ருமேனியக் குழந்தைகளை ரிக்கார் நினைத்துக்கொண்டார். கவனிப்பார் இல்லாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைகள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் ஓய்ந்துபோனார். பல்லாயிரம் மணி நேரம் தியானம் பழகியவருக்கே அந்த நிலை. பிறகு கருணைத் தியானத்துக்கு மாறினார். அதே குழந்தைகள், அதே துன்பம்; ஆனால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை, கிட்டே போய் அணைக்கத் தோன்றியது. இரண்டு நிலையிலும் மூளை இயங்கிய விதமும் வேறுவேறாக இருந்தது.

இதற்கு ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், கருணைக்கு இரண்டு பகை உண்டு என்கிறார். தூரத்துப் பகை கொடுமை. அதை யாரும் கண்டுகொள்வார்கள். பக்கத்துப் பகை துக்கம். பார்க்கக் கருணை மாதிரியே இருக்கும், கருணையின் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், கருணையைக் கெடுத்துவிடும். (தாம் முன்பு காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் முடிவில் புத்தகோசரே குறிப்பிடுகிறார். அந்த வகையில் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர்.)

ஓர் ஆன்மிக மரபு உள்முகமாகப் பார்த்துச் சொன்ன நுட்பமான பாகுபாடு. அதை ஒரு கருவி வெளியிலிருந்து சோதிக்கிறது. விடை, மருத்துவமனையிலும் பள்ளியிலும் எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் பயன்படுகிறது. அறிவியலும் ஆன்மிகமும் சேர்ந்து பொது அறம் உண்டாக்குவது என்று பெரிய வார்த்தைகளில் பேசப்படுவதன் உருப்படியான வடிவம் இதுதான்.

யாருக்கு எந்த வேலை

பொது அறம் என்பது, வெவ்வேறு நம்பிக்கை உள்ளவர்கள் ஒரே இடத்தில் வேலை செய்யவும் வாழவும் ஒப்புக்கொள்ளும் நடத்தை. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எது நல்லது? நல்லதைச் செய்யும் மனத்தை எப்படிப் பழக்குவது? பழக்கினால் நடத்தை உண்மையிலேயே மாறுகிறதா?

மூன்றாவது கேள்வி முழுக்க அறிவியலின் கையில் இருக்கிறது. அளக்கலாம், ஒப்பிடலாம், தப்பு என்று காட்டலாம். இரண்டாவதில் ஆன்மிக மரபுகளின் கைதான் ஓங்கியிருக்கிறது. பௌத்தம், சமணம், சைவம், சூஃபி, கிறிஸ்தவத் துறவு மடங்கள் எல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் மனப்பயிற்சி செய்து பார்த்த இடங்கள். முதல் கேள்விதான் சிக்கல். ‘இப்படி இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இப்படி இருக்க வேண்டும்’ என்பதற்கு நேராகத் தாவ முடியாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். கருணையால் மன அழுத்தம் குறைகிறது என்று ஆய்வு காட்டினால், கருணை பயனுள்ளது என்றுதான் ஆகும். நாளைக்கு யாராவது கொடுமையால் மன அழுத்தம் குறைகிறது என்று காட்டிவிட்டால் கொடுமை அறமாகிவிடுமா? எது நல்லது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் இயந்திரம் அதைச் செய்து தராது.

இந்த வேலைப் பங்கீட்டை நீண்ட காலமாக முயன்று பார்த்த இடம் தலாய் லாமாவும் அறிவியலாளர்களும் நடத்திவரும் உரையாடல். சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா, தொழிலதிபர் ஆடம் எங்கிள் ஆகியோருடன் சேர்ந்து முதல் சந்திப்பு 1987-இல் தரம்சாலாவில் நடந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மைண்ட் அண்ட் லைஃப் நிறுவனம். 1992-இல் அமெரிக்க நரம்பியலாளர் ரிச்சர்ட் டேவிட்சனைச் சந்தித்தபோது தலாய் லாமா ஒரு கேள்வி போட்டார்: பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஆராய்கிற கருவிகளால் அன்பையும் கருணையையும் ஏன் ஆராயக் கூடாது? இன்றைக்குக் கருணை ஆய்வு என்று ஒரு துறை இருப்பதில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. பௌத்தத்தின் ஒரு கூற்று தவறு என்று அறிவியல் ஐயமற நிறுவினால் அந்தக் கூற்றைக் கைவிட வேண்டும் என்று தலாய் லாமா எழுதியே வைத்திருக்கிறார். கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்டகோடு ஆகிய இடங்களில் உள்ள திபெத்திய மடங்களில் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இயற்பியலும் உயிரியலும் நரம்பியலும் பாடமாக நடத்தப்படுகின்றன. ‘எங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும்’ என்று சொல்கிறவர்களுக்கும் ‘எங்களுக்கும் பாடம் எடுங்கள்’ என்று சொல்கிறவர்களுக்கும் உள்ள தூரம் இங்கே தெரியும்.

அறத்தைத் தலாய் லாமா தண்ணீருக்கும் மதத்தைத் தேநீருக்கும் ஒப்பிடுவார். தேநீரில் இலை உண்டு, சர்க்கரை உண்டு, திபெத்தில் உப்பும் உண்டு. ஆனால் பெரும்பங்கு தண்ணீர். தேநீர் இல்லாமல் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. இதை அவர் ‘செக்யுலர்’ அறம் என்கிறார். மதத்தை ஒதுக்கும் பொருளில் அல்ல, எல்லா மதத்தையும் மதமின்மையையும் ஒன்றாக மதிக்கும் இந்தியப் பொருளில்.

ஒத்துணர்வு வேறு, தவிப்பு வேறு, கருணை வேறு

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் பயிற்சியின் அடித்தளம். பேச்சில் எல்லாவற்றையும் ‘இரக்கம்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

ஒத்துணர்வு என்பது இன்னொருவர் உணர்வு நமக்குள் எதிரொலிப்பது. 2004-இல் சிங்கரும் கூட்டாளிகளும் 16 தம்பதியரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெண் ஸ்கேனுக்குள், ஆண் பக்கத்தில். சில நேரம் அவள் கையில் வலி தரும் சிறு மின்னதிர்ச்சி, சில நேரம் அவன் கையில். தனக்கு வலித்தபோது இயங்கிய மூளைப் பகுதிகளில் சில, அவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்தபோதும் இயங்கின: முன் இன்சுலா, முன் சிங்குலேட் புறணி. எந்த இடத்தில், எவ்வளவு வலிக்கிறது என்று பதிவு செய்யும் தொடு உணர்ச்சிப் பகுதிகள் மட்டும் இயங்கவில்லை. அதாவது, வலியின் ‘ஐயோ’ பகிரப்படுகிறது, ‘சுருக்’ பகிரப்படுவதில்லை.

இந்த எதிரொலி இரண்டு பக்கமாகப் பிரியும். ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என்று கவனம் நம்மீதே திரும்பினால் அது தவிப்பு. வார்டில் அழும் நோயாளியின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவது, விபத்துச் செய்தி வந்ததும் சேனலை மாற்றுவது எல்லாம் கல்மனம் அல்ல. பல நேரம் தவிப்பு தாங்காமல் செய்வது. ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கவனம் அவர்மீதே நின்றால் அது கருணை. முன்னதில் துன்பத்திலிருந்து தப்பிக்கத் தோன்றும், பின்னதில் துன்பத்தைத் தீர்க்கத் தோன்றும்.

ஓல்கா கிளிமெக்கி, சிங்கர், ரிக்கார் உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு முதலில் ஒத்துணர்வுப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். பிறர் துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமானது. வலியோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக இயங்கின. பிறகு அதே ஆட்களுக்குக் கருணைப் பயிற்சி. மோசமான உணர்வு பழைய நிலைக்கு இறங்கியது, நல்லுணர்வு கூடியது. பாசம், பற்றுதல், நிறைவு ஆகியவற்றோடு தொடர்புள்ள வேறொரு பகுதித் தொகுப்பு இயங்கியது. ‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்பதோடு நிறுத்திவிடும் அறப்போதனை பாதியில் விட்ட சமையல். மருத்துவ ஊழியர்களின் சோர்வைக் ‘கருணைச் சோர்வு’ என்று அழைப்பது தவறு, அது தவிப்பின் சோர்வு என்று சிங்கரும் கிளிமெக்கியும் வாதிடுவது இதனால்தான்.

தமிழில் இன்னொரு பாகுபாடும் தயாராகவே இருக்கிறது. தொடர்புடையவர்மேல் வருவது அன்பு, தொடர்பில்லாதவர்மேலும் செல்வது அருள். குறளில் அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. 757-ஆம் குறளோ ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்று இரண்டையும் தாயும் பிள்ளையுமாக்குகிறது. கருணைப் பயிற்சியின் வரிசையும் இதுவேதான்: ஏற்கெனவே இருக்கும் அன்பில் தொடங்கி, அதை அறிமுகம் இல்லாதவர் வரை நீட்டுவது.

பயிற்சி: 20 நிமிடம்

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு நாளைக்கு 30 நிமிடம், 2 வாரம் பழகினார்கள். ஸ்டான்போர்டில் தலாய் லாமாவின் மொழிபெயர்ப்பாளர் துப்டென் ஜின்பா முன்னின்று உருவாக்கிய வகுப்பு 8 வாரம் நடக்கிறது. கீழே இருப்பது அவற்றின் போக்கை ஒட்டித் தொடக்கக்காரருக்காகச் சுருக்கிய வடிவம்.

நாற்காலியிலோ தரையிலோ முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். முதல் 4 நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். அலைகிற மனத்தோடு அடுத்த கட்டத்துக்குப் போனால் கருணை வராது, கதை வரும்: அவர் அன்றைக்கு என்ன சொன்னார், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஓடும்.

அடுத்த 4 நிமிடம், நினைத்தாலே மனம் இளகும் ஒருவர். அவர் கஷ்டப்பட்ட ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். பொதுவாக ‘அம்மா’ என்று நினைத்தால் போதாது; முழங்கால் வலியோடு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிய அம்மா என்ற அளவுக்குத் துல்லியமாக வேண்டும். பிறகு மனத்துக்குள் ‘இவங்க கஷ்டம் தீரணும், இவங்க நிம்மதியா இருக்கணும்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். வார்த்தை எந்த மொழியிலும் இருக்கலாம், எந்தக் கடவுள் பெயரோடும் இருக்கலாம், பெயரே இல்லாமலும் இருக்கலாம். நெஞ்சுப் பக்கம் உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

பிறகு 3 நிமிடம் உங்களுக்கே. அடுத்த 5 நிமிடம், தினமும் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவர்: பஸ் கண்டக்டர், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. இந்த 5 நிமிடத்தில்தான் அன்பு அருளாக மாறுகிறது. ஆகவேதான் இதற்கு அதிக நேரம். கடைசி 4 நிமிடம் உங்களோடு உரசிக்கொண்டிருக்கும் ஒருவர்.

முதல் வாரம் பிரியமானவரோடு நிறுத்திக்கொள்ளலாம். உரசல் உள்ளவரை மூன்றாம் வாரத்துக்கு முன் தொட வேண்டாம். தொடும்போதும் சில்லறைச் சண்டைக்காரரில் தொடங்குங்கள், வாழ்க்கையையே கெடுத்தவரில் அல்ல.

இந்த வரிசையில் பிசகினால் என்ன ஆகும் என்பதைப் புத்தகோசர் காரணத்தோடு பட்டியலிட்டிருக்கிறார். மைத்திரித் தியானத்தை (எல்லோர் நலமும் நாடும் தியானத்தை) மிகமிக நெருங்கியவரில் தொடங்காதே: அவருக்குச் சின்னத் துன்பம் என்று நினைத்தாலே அழுகை வந்துவிடும். பகைவரில் தொடங்காதே: கோபம்தான் மூளும். இறந்தவரில் தொடங்காதே: மனம் ஒருமைப்படாது. அவர் தொடங்கச் சொல்வது தன்னிலிருந்து, ‘நான் நலமாக இருக்க விரும்புவதுபோலத்தானே மற்றவரும்’ என்று தன்னைச் சாட்சியாக வைத்து. இன்றைய வகுப்புகள் பலவற்றில் பிரியமானவர் முதலில் வந்து, ‘நான்’ இரண்டாவதாக வருகிறது. தன்மேலேயே வெறுப்போடு வருகிறவர்களுக்கு ‘நான் நலமாக இருக்கட்டும்’ என்ற வரியே தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். மரபை மாற்றலாமா என்று கேட்டால், மாற்றியதைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இருந்தால் மாற்றலாம் என்போம்.

எதுவுமே உணர்வு வரவில்லை என்பது புதியவர்களின் பொதுப் புகார். வர வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்ப்பாடு படிப்பதுபோலத் தோன்றினாலும் கவனம் அந்த மனிதர்மேல் இருந்தால் போதும்; உணர்வைப் பிழிந்து எடுக்கப் பார்ப்பதுதான் சலிப்பைத் தரும். மாறாக, பயிற்சி முடிந்தபின் நாள் முழுக்க கனமாக, அழுகையாக இருந்தால் நீங்கள் பக்கத்துப் பகையிடம் மாட்டிக்கொண்டீர்கள். அடுத்த நாள் துன்பக் காட்சியை ஒரு நிமிடமாகக் குறைத்து, ‘தீரணும்’ என்ற விருப்பத்துக்கு மூன்று நிமிடம் கொடுங்கள்.

தியானம் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது. 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த ஒரு கட்டுரை, தியானம் செய்தவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குப் பாதகமான விளைவு இருந்ததாகக் கணக்கிட்டது. பதற்றமும் மனச்சோர்வும் அதிகம். பழைய வன்முறையின் நினைவு கிளம்பினால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்து, மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அடிக்கிற கணவனுக்குக் கருணை காட்டிப் பொறுத்துப்போ என்று இந்தப் பயிற்சியை யாராவது திருப்பிவிட்டால் அது கருணையே அல்ல. அவன் கையைத் தடுப்பதும், புகார் கொடுப்பதும் கருணைக்கு உட்பட்டவையே.

செத்த மீனும் இரக்கப்பட்டது

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா? விஸ்கான்சின் சோதனையில் கருணை பழகியவர்கள், ஏமாற்றப்பட்ட முன்பின் தெரியாத ஒருவருக்குத் தங்கள் பணத்திலிருந்து கொடுத்த தொகை ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 2013-இலேயே வந்த இன்னொரு ஆய்வு அழகானது. காத்திருப்பு அறையில் மூன்றே நாற்காலி. இரண்டில் ஆய்வாளர்களின் ஆட்கள். மூன்றாவதில் சோதனைக்கு வந்தவர். காலில் கட்டோடு, ஊன்றுகோலில் ஒரு பெண் வந்து, முனகிக்கொண்டே சுவரில் சாய்கிறாள். மற்ற இருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 8 வாரம் தியானம் பழகியவர்களில் 50 விழுக்காட்டினர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் 16 விழுக்காடு. ஜெர்மனியில் ஏறக்குறைய 300 பேரை 9 மாதம் பழக்கிய ரிசோர்ஸ் ஆய்வில், கவனத்தை மட்டும் பழக்கிய மூன்று மாதத்தில் அழுத்தம் குறைந்ததாக ஆட்கள் சொன்னார்கள், ஆனால் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இறங்கவில்லை. கருணையும் பிறர் பார்வையைப் புரிந்துகொள்வதும் பழக்கியபோதுதான் இறங்கியது. அதில் ஒரு முக்கிய உறுப்பு, தினமும் 10 நிமிடம் இன்னொருவரோடு மாறிமாறிப் பேசுவதும் குறுக்கிடாமல் கேட்பதும்.

இத்தோடு நிறுத்தினால் அது விளம்பரம். ஊன்றுகோல் ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர்கூட இல்லை. அதிலும் கருணைத் தியானம் பழகியவர்களுக்கும் வெறும் கவனத் தியானம் பழகியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2018-இல் கிரெப்ளின், ஃபாரியாஸ், பிராசில் ஆகிய மூவரும் இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருணை கூடியது என்று காட்டிய ஆய்வுகளில், தியானம் சொல்லிக்கொடுத்தவரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்தப் பயிற்சியும் தராமல் சும்மா வைத்திருந்தார்கள். தேர்வு எழுதியவரே தாள் திருத்தினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்.

மூளைப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை. 2009-இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனுக்குள் வைத்தார்கள். மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று மீனிடம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாமல் விட்டதும், மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘இயங்கின’. திருத்தம் செய்ததும் மறைந்தன. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ‘தியானம் செய்தவர் மூளை ஒளிர்கிறது, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று வண்ணப்படம் வந்தால் இந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள். கருணைத் தியானம் பலன் தருவதாக வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து மறுபிறவியோ ஆன்மாவோ நிரூபணமாகிவிடாது. குவாண்டம் என்ற சொல் அறத்தைப் பற்றிய பேச்சில் நுழைந்தால் பர்சைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

மனம் மட்டும் போதாது

1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் 40 இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை, ஆன்மிகப் பக்கத்தவர் விரும்பாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமை: வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன கதை. வழியில் ஒருவர் வாசலில் சரிந்து, இருமி முனகிக்கொண்டிருக்கிறார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45. ‘ஏற்கெனவே தாமதம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10. பேசப்போகிற தலைப்பு குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

ஆகவே அறத்தை மனத்துக்குள் மட்டும் தேடினால் நேர அட்டவணை அதைத் தோற்கடித்துவிடும். ஒரு செவிலியரிடம் 40 நோயாளிகளைக் கொடுத்துவிட்டுக் கருணை வகுப்பு நடத்துவது அவரைக் கேலி செய்வது. எமோரி பல்கலைக்கழகம் 2019-இல் டெல்லியில் அறிமுகப்படுத்திய சீ லேர்னிங் பள்ளித் திட்டம் தன்னை, பிறரை, அமைப்பை என்று மூன்று தளத்தில் பாடம் வைத்திருப்பது இந்தப் படிப்பினையை ஒட்டியதே.

ஒரு குழு தனக்கான பொது அறத்தை எழுதுவது

6 முதல் 12 பேர். ஒரு வார்டு, ஒரு பள்ளியின் ஆசிரியர்கள், ஒரு குடியிருப்புச் சங்கம். 90 நிமிட அமர்வு மூன்று, இடையே ஒரு வாரம். மேலதிகாரி முதல் அமர்வில் பேசக் கூடாது, கேட்கலாம்.

முதல் அமர்வில் கொள்கை எதுவும் வேண்டாம். ‘இங்கே யாருக்கு, எப்போது, என்ன வலிக்கிறது?’ என்று ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் மூன்று நிகழ்ச்சி எழுத வேண்டும். ‘மரியாதை இல்லை’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘நோயாளியின் மகளிடம் கட்டி புற்றுநோய்தான் என்பதை நடைபாதையில், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்’ என்பது சரியான தாள். ஒன்றுபோலிருக்கும் தாள்களை அடுக்கினால் நாலைந்து குவியல் வரும்.

இரண்டாம் அமர்வில் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு விதி. விதியில், பார்த்தால் தெரிகிற செயல் இருக்க வேண்டும். ‘பரிவோடு நடந்துகொள்க’ என்பதை யார் மீறினார் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘மோசமான செய்தியை உட்கார்ந்து, கதவை மூடி, போனை அணைத்துச் சொல்வது’ என்பதைச் சொல்ல முடியும். இங்கே அறிவியலைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவின் கன்சாஸில் 120 நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வில், மருத்துவர் உட்கார்ந்து பேசியபோது உண்மையில் ஆன நேரம் சராசரி 1 நிமிடம் 4 நொடி. நோயாளிகளோ 5 நிமிடத்துக்கு மேல் இருந்தார் என்றார்கள். நின்று பேசியபோது கொஞ்சம் அதிக நேரமே இருந்தும், உட்கார்ந்து பேசியதைவிடக் குறைவாக இருந்ததாகவே நோயாளிகளுக்குத் தோன்றியது. ‘உட்கார நேரம் ஏது?’ என்ற ஆட்சேபம் இங்கே விழுந்துவிடுகிறது.

பிறகு விதிக்கு எதிரே ஒரு காலி இடம் விடுங்கள். அவரவர் காரணத்தை அவரவர் எழுதிக்கொள்ளட்டும். ஒருவர் சமாரியனை எழுதுவார், ஒருவர் ரஹ்மத் (இறையருள், இரக்கம்) என்று எழுதுவார், ஒருவர் ஜீவகாருண்யம் என்பார், ஒருவர் ‘நாளைக்கு எனக்கும் இது வரும்’ என்பார். காரணத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள், ஓட்டுக்கும் விடாதீர்கள். மனித உரிமைப் பிரகடனத்துக்கான கருத்துகளை யுனெஸ்கோ திரட்டியபோது, உரிமைகளில் எங்களுக்கு உடன்பாடு உண்டு, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று எதிரெதிர்க் கொள்கை உடையவர்கள் சொன்னதாகப் பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் மரித்தேன் பதிவு செய்திருக்கிறார். 1993-இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் மன்றத்துக்காகப் பொது நெறி அறிக்கையை வரைந்த கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் குங், கடவுள் என்ற சொல்லையே அதில் தவிர்த்தார். பௌத்தர்களும் கையெழுத்திட வேண்டுமே. குழுக்கள் உடைவது பெரும்பாலும் விதியில் அல்ல, காரணத்தில்.

மூன்றாம் அமர்வில் தடைகளைத் தேடுங்கள். எந்த விதி எந்த நேரத்தில், எதனால் மீறப்படும்? வார்டில் கதவுள்ள அறையே இல்லை என்றால் விதி தாளோடு நின்றுவிடும். மொத்தம் 5 விதிக்கு மேல் போக வேண்டாம். 15 விதி எழுதிச் சட்டம் போட்டு மாட்டியவை சுவரிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு விதிக்கும் ஓர் எளிய கணக்கு வையுங்கள்: இந்த மாதம் மோசமான செய்தி சொன்னது எத்தனை முறை, உட்கார்ந்து சொன்னது எத்தனை முறை. கணக்கு எடுப்பவர் விதியை எழுதியவராக இருக்க வேண்டாம். கிரெப்ளின் குழு காட்டிய ஓட்டை நினைவிருக்கட்டும். யார் மீறினார் என்ற பெயர் கணக்கில் வர வேண்டாம். பெயர் வந்தால் அடுத்த மாதம் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

மூன்று மாதம் கழித்துக் கணக்கை எடுத்து உட்காருங்கள். 20-இல் 6 முறைதான் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்றால், கருணை குறைந்துவிட்டது என்று பேசத் தொடங்குவதற்கு முன், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.